ஆறு கம்பி, நான்கு கம்பி: ஒரே மூளைக்குள் இரண்டு கருவிகள்

1963-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹாலிவுட்டில், கேப்பிட்டல் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாடல் பதிவு. பேஸ் கிட்டார் வாசிக்க வேண்டியவர் அன்று வரவில்லை. கிட்டார் வாசிக்கும் கேரல் கே என்ற இளம்பெண் அந்த இடத்தை நிரப்பினார். ஜாஸ் விடுதிகளில் கிட்டார் வாசித்தும், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வந்தவர் அவர். பேஸ் அதுவரை அவருடைய கருவி அல்ல. ஆனால் அன்று முதல் அதுவே அவருடைய தொழிலாகிவிட்டது. 1966-இல் பீச் பாய்ஸ் குழு வெளியிட்ட 'பெட் சவுண்ட்ஸ்' தொகுப்பு உட்பட, அமெரிக்கப் பாப் இசையின் புகழ்பெற்ற பதிவுகள் பலவற்றில் அவருடைய பேஸ் ஒலிக்கிறது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் பீட்டில்ஸ் குழுவிலும் இதுவே நடந்தது. பேஸ் வாசித்துவந்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் குழுவிலிருந்து விலகினார். அவருடைய இடத்துக்கு கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பால் மெக்கார்ட்னி போனார். பின்னாளில் பேஸ் வாசிப்பின் போக்கையே மாற்றியவர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கினார்.

இருவரும் கிட்டாரில் தொடங்கி, சந்தர்ப்பவசமாக பேஸுக்கு வந்தவர்கள். இன்று கற்க வருகிறவர்கள் பலருக்கு இரண்டின் மீதும் முதல் நாளிலேயே ஆசை இருக்கிறது. "ரெண்டையும் சேர்த்தே ஆரம்பிக்கலாமா, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகணுமா?" என்று கேட்கிறார்கள். இதற்கு இரண்டு விதமான பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. "ஒன்றில் காலூன்று, பிறகு பார்க்கலாம்" என்பது ஒன்று. "பேஸ் என்ன, நாலு கம்பிதானே, கிட்டார் வந்தால் அதுவும் வந்துவிடும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, கம்பியின் இயற்பியல், காதின் இயல்பு, கை பழகும்போது மூளையில் நடப்பவை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

கம்பி சொல்லும் கணக்கு

கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகள் இ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்க்கப்படுகின்றன. பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளும் அதே இ, ஏ, டி, ஜிதான். ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. கிட்டாரின் கீழ் இ கம்பி வினாடிக்கு 82.4 தடவை அதிர்கிறது. பேஸின் இ கம்பி அதில் சரிபாதி, 41.2 தடவை.

அதிர்வெண்ணைப் பாதியாக்குவது எப்படி? பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென் 1636-இல் வெளியிட்ட நூலில் இதற்கான விதிகளைக் கொடுத்துவிட்டார். கம்பி நீண்டால் சுருதி இறங்கும். கம்பி கனத்தால் சுருதி இறங்கும். இழுவிசை கூடினால் சுருதி ஏறும். கிட்டார் கம்பியின் கனத்தையும் இழுவிசையையும் அப்படியே வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் இரட்டித்தால், ஏறக்குறைய 130 சென்டிமீட்டர் நீளக் கம்பி தேவைப்படும். அப்படி ஒரு கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்க யாருக்கும் கை எட்டாது. அதுவரை கீழ்ச்சுருதிக்குப் பயன்பட்ட டபுள் பேஸ், ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைத்து வாசிக்க வேண்டிய கருவி. அதில் ஃப்ரெட்டுகளும் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டைகள்) கிடையாது.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' ஒரு சமரசம். அதன் கம்பி நீளம் 34 அங்குலம், அதாவது 86.4 சென்டிமீட்டர். அவருடைய டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்களின் கம்பி நீளம் 25.5 அங்குலம், 64.8 சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடையே உள்ள விகிதம் மிகச் சரியாக 4-க்கு 3. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிவிட்டு, மீதி வேலையைக் கம்பியின் தடிமனிடம் விட்டுவிட்டார் ஃபெண்டர். எலெக்ட்ரிக் கிட்டாரின் இ கம்பி ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் தடிமன் என்றால், பேஸின் இ கம்பி ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டர். ஒரே நீளத் துண்டை நிறுத்துப் பார்த்தால் பேஸ் கம்பி ஐந்து மடங்கு கனம் இருக்கும். அவ்வளவு கனமான கம்பி தொய்ந்து போகாமல் இருக்க, இழுவிசையும் இரண்டு மடங்குக்கு மேல் தேவை. கிட்டாரிலிருந்து பேஸுக்கு மாறுகிறவரின் விரல் நுனி முதல் நாளே உணர்வது இந்த இழுவிசையைத்தான்.

விரல்கள் விரிய வேண்டிய தூரத்தையும் இதே நீளம்தான் தீர்மானிக்கிறது. கிட்டாரின் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை 9.7 சென்டிமீட்டர். பேஸில் அதே தூரம் 13 சென்டிமீட்டர். கிட்டாரில் 'ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்' என்று பழகியவர் அதே முறையை பேஸின் கீழ் ஃப்ரெட்டுகளிலும் பிடிவாதமாகத் தொடர்ந்தால் மணிக்கட்டு வலிக்கும். டபுள் பேஸ் ஆசிரியர் ஃபிரான்ஸ் சிமாண்டல் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி வகுத்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றை மட்டும் தனித்தனியாக வைத்து, மோதிர விரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாக விடுவது அவருடைய முறை. பேஸ் கிட்டாரின் கீழ்ப்பகுதிக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

இன்னொரு வழியை அந்த 4-க்கு 3 விகிதமே காட்டிக் கொடுக்கிறது. ஒவ்வொரு ஃப்ரெட்டும் மீதமுள்ள கம்பியை ஏறக்குறைய 5.6 சதவீதம் குறைக்கிறது. ஐந்து ஃப்ரெட் தாண்டினால் முழு நீளத்தில் 74.9 சதவீதம் மிஞ்சும். கிட்டத்தட்ட முக்கால் பங்கு. 86.4 சென்டிமீட்டர் பேஸ் கம்பியில் முக்கால் பங்கு என்பது 64.7 சென்டிமீட்டர். அதாவது, பேஸின் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து கம்பி முடியும் பிரிட்ஜ் வரை உள்ள தூரமும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் மொத்தக் கம்பி நீளமும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லாமல் ஒன்றுபோல் இருக்கின்றன. அதற்கு மேலே உள்ள ஃப்ரெட் இடைவெளிகளும் அப்படியே. பேஸின் ஆறாம் ஃப்ரெட்டிலிருந்து ஒன்பதாம் ஃப்ரெட் வரை அளந்து பாருங்கள்: 9.7 சென்டிமீட்டர். கிட்டாரின் ஒன்று முதல் நான்கு வரை உள்ள அதே அளவு. இரண்டையும் ஒன்றாகக் கற்கிறவர் பேஸை ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே தொடங்கினால், இடது கைக்குத் தூரத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கம்பியின் கனத்தை மட்டும் பழகினால் போதும்.

எது தானாக வந்து சேரும்?

ஒன்றைக் கற்றால் மற்றொன்று எளிதாகுமா என்ற கேள்வியை அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் தார்ண்டைக்கும் ராபர்ட் உட்வொர்த்தும் 1901-இல் சோதித்தார்கள். அன்றைய கல்வியாளர்கள் பலர், கடினமான ஒரு பாடம் மூளையையே கூர்மையாக்கி எல்லாப் பாடங்களுக்கும் உதவும் என்று நம்பினார்கள். சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. இரண்டு வேலைகளிலும் ஒரே மாதிரியான கூறுகள் எவ்வளவு இருக்கின்றனவோ, அவ்வளவுதான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தப்படும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

கிட்டாருக்கும் பேஸுக்கும் பொதுவான கூறுகள் ஏராளம். எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்ன சுரம் என்ற வரைபடம் அப்படியே ஒன்றுதான். ஒரு சுரத்தின் மேல் ஸ்தாயியைக் கண்டுபிடிக்க இரண்டு கம்பி தள்ளி இரண்டு ஃப்ரெட் மேலே போக வேண்டும் என்ற வடிவமும் ஒன்றுதான். ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவது, தாளத்தை எண்ணுவது, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) மாறும் இடத்தைக் காதால் பிடிப்பது எல்லாமே பொது. ஆகவே, பேஸில் ஒரு வாரம் சுரங்களின் இடத்தைப் படித்தால் கிட்டாரின் கீழ் நான்கு கம்பிகளுக்கும் அந்தப் படிப்பு சேர்ந்தே நடந்துவிடுகிறது. "ஒன்று வந்தால் மற்றதும் வந்துவிடும்" என்பவர்கள் சொல்வதில் உள்ள உண்மை இதுதான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரைபடம் வளைகிறது. பேஸில் அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே எல்லா இடத்திலும் ஐந்து ஃப்ரெட் தூரம். கிட்டாரில் ஜி கம்பிக்கும் அதை அடுத்த பி கம்பிக்கும் இடையே மட்டும் நான்கு. அதனால் டி கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் உள்ள ஜி சுரத்துக்கு மேல் ஸ்தாயி தேடும்போது, பி கம்பியில் ஏழாம் ஃப்ரெட்டுக்குப் போனால் தப்பான சுரம் கேட்கும். எட்டுக்குப் போக வேண்டும். பேஸில் நன்றாகப் பழகிய கை இந்த இடத்தில்தான் இடறும். இடறும் இடம் முன்கூட்டியே தெரிந்தால், அதற்கென்று தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கிச் சரிசெய்துவிடலாம்.

காது விதிக்கும் வேறுபாடு

கிட்டாரின் மேல் பகுதியில் இ சுரத்தையும் அதற்கு மேலுள்ள ஜி ஷார்ப் சுரத்தையும் ஒன்றாக மீட்டினால் இனிமையாகக் கேட்கிறது. அவற்றின் அதிர்வெண்கள் 329.6, 415.3 ஹெர்ட்ஸ், இடைவெளி 86. அதே இரண்டு சுரங்களும் பேஸின் அடி ஸ்தாயியில் ஒன்றாக ஒலித்தால் 41.2, 51.9 ஹெர்ட்ஸ், இடைவெளி 11-க்கும் குறைவு. விகிதம் ஒன்றுதான். ஆனால் காதில் விழுவது ஒரு உறுமல். உள்காதில் உள்ள சவ்வில் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு இடம் உண்டு. இரண்டு சுரங்களின் இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் அளவுக்கு நெருங்கிவிட்டால் காதால் அவற்றைப் பிரிக்க முடிவதில்லை, கரகரப்பாகவே கேட்கும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் பிளாம்ப், லெவெல்ட் இருவரும் 1965-இல் இந்தக் கரகரப்புக்கும் காதின் பிரித்தறியும் அகலத்துக்கும் உள்ள தொடர்பை அளந்து காட்டினார்கள். கீழ் ஸ்தாயியில் அந்த அகலம் மூன்றாம் சுர இடைவெளியைவிடப் பெரியது.

பேஸ் பெரும்பாலும் ஒற்றைச் சுரமாகவே வாசிக்கப்படுவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். ஆனால் அந்த ஒற்றைச் சுரத்துக்கு இருக்கும் அதிகாரம் பெரிது. கிட்டார்க்காரர் சி, இ, ஜி என்ற மூன்று சுரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் சி வாசித்தால் அது சி மேஜர். பேஸ் ஏ வாசித்தால் அதே பிடி ஏ மைனர் செவன்த் ஆகிவிடுகிறது. கிட்டார்க்காரர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. பாட்டின் முகம் மாறிவிட்டது. தமிழ் வாசகர்கள் இதைக் கேட்டுப் பழக வெகுதூரம் போக வேண்டாம். கிட்டார் வாசிப்பவராகப் பல இசையமைப்பாளர்களிடம் பணியாற்றிய பிறகு இசையமைப்பாளரானவர் இளையராஜா. அவருடைய பாடல்களில் பேஸ் கிட்டார், பாடகரின் மெட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மெட்டாக நடந்துபோகும். நல்ல ஹெட்ஃபோனில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு பாடலை முழுக்கக் கேளுங்கள். கார்டு என்பது மேலே பிடிக்கும் பிடியில் பாதியும் கீழே ஊன்றும் சுரத்தில் பாதியுமாக இருப்பது புரியும்.

தாளத்திலும் காது இரண்டு கருவிகளையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரல் டிரெய்னர் உள்ளிட்ட குழு 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. உயர்ந்த சுரம் ஒன்றும் தாழ்ந்த சுரம் ஒன்றும் சேர்ந்து சீராக ஒலித்துக்கொண்டிருக்கும். அவ்வப்போது இரண்டில் ஏதாவது ஒன்று 50 மில்லிவினாடி முந்திக்கொண்டு வரும். கேட்பவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தபோது, தாழ்ந்த சுரம் முந்தியதற்குத்தான் மூளை வலுவாக எதிர்வினை காட்டியது. சுரங்களோடு சேர்ந்து விரலால் தட்டச் சொன்னபோதும், தாழ்ந்த சுரத்தின் பிசகையே விரல்கள் அதிகமாகப் பின்தொடர்ந்தன. கிட்டார் ஒரு நூல் முந்தினால் மன்னித்துவிடும் காது, பேஸ் முந்தினால் மன்னிப்பதில்லை. கிட்டாரிலிருந்து வருகிறவர் சரியான சுரங்களை வாசித்தும் பாட்டு ஆடவில்லை என்று தோன்றினால், இந்த 50 மில்லிவினாடிகளில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

வலது கை கற்க வேண்டியதும் இங்கிருந்தே பிறக்கிறது. கனமான பேஸ் கம்பி மீட்டிய பிறகு நீண்ட நேரம் ஒலிக்கும். அடுத்த சுரம் வரும்போது முந்தையது அடங்கியிருக்க வேண்டும். தொடாத கம்பிகள் தாமாக அதிரவும் கூடாது. ஆகவே பேஸில் சுரத்தை எழுப்புவதைப் போலவே அதை நிறுத்துவதும் ஒரு வித்தை. எழுப்பும் முறை ஆளுக்கு ஆள் மாறலாம். மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். கேரல் கே பிளெக்ட்ரத்தால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வாசித்தார். நிறுத்துவதில் மட்டும் இருவரும் துல்லியமானவர்கள்.

கலந்து பழகலாமா, பிரித்துப் பழகலாமா?

இனி மூளைக்கு வருவோம். 1995-இல் தாமஸ் எல்பர்ட் தலைமையிலான குழு, கம்பிக் கருவி வாசிக்கும் ஒன்பது பேரின் மூளையை ஆராய்ந்தது. ஆறு பேர் வயலின், இரண்டு பேர் செல்லோ, ஒருவர் கிட்டார். இடது கை விரல்களின் தொடுவுணர்வுக்கான மூளைப் பகுதி, இசைக்கருவி வாசிக்காதவர்களைவிட இவர்களுக்கு விரிந்திருந்தது. சிறு வயதில் தொடங்கியவர்களுக்கு அது மேலும் விரிந்திருந்தது. கம்பி தொடும் விரல்களுக்கு மூளை இடம் ஒதுக்குகிறது என்பதை இது காட்டியது. அப்படியென்றால், ஒரே விரல்கள் இரண்டு விதமான கம்பிகளைப் பழகும்போது, ஒன்றின் பழக்கம் இன்னொன்றை அழித்துவிடாதா?

அழிக்கும் என்று காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 1996-இல் 'நேச்சர்' இதழில் பிரஷர்ஸ்-க்ரூக், ஷாத்மெஹர், பிஸ்ஸி ஆகியோர் எழுதியது. பங்கேற்றவர்கள் ஓர் இயந்திரக் கையின் பிடியைப் பற்றி, திரையில் தெரியும் இலக்குகளை நோக்கி நகர்த்த வேண்டும். இயந்திரம் அவர்கள் கையைப் பக்கவாட்டில் தள்ளும். அதை ஈடுகட்டி நேராக நகர்த்தக் கற்றுக்கொள்வார்கள். உடனே எதிர்ப்புறம் தள்ளும்படி இயந்திரத்தை மாற்றினால், முதலில் கற்றது மறுநாள் நினைவில் நிற்கவில்லை. நான்கு மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டாவதைக் கற்றவர்களுக்கு முதலாவதும் நின்றது. அந்த நான்கு மணி நேரம் பிந்தைய ஆய்வுகள் எல்லாவற்றிலும் அப்படியே உறுதிப்பட்டுவிடவில்லை. ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாகக் கற்கும் எதிரெதிர் அசைவுகள் மோதும் என்பது தெளிவு.

இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது 1979-இல் ஜான் ஷியாவும் ராபின் மோர்கனும் செய்த ஆய்வு. சிறு மரத் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் கையால் வேகமாகத் தட்டிவிட வேண்டும். மூன்று வரிசைகள். ஒரு குழு ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைப் பழகியது. மற்றொரு குழு மூன்றையும் கலந்து கலந்து பழகியது. பயிற்சியின்போது முதல் குழுவே வேகமாக இருந்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது, கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கெர், பூத் என்ற இருவர் எட்டு வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார்கள். மூன்றடி தூரத்திலேயே பை எறிந்து பழகிய குழந்தைகளைவிட, இரண்டடியிலும் நான்கடியிலும் மாறி மாறிப் பழகிய குழந்தைகள் அந்த மூன்றடி இலக்கில் துல்லியமாக எறிந்தார்கள்.

ஒன்று பிரி என்கிறது. மற்றொன்று கல என்கிறது. இரண்டும் உண்மையாக இருப்பது எப்படி? வித்தியாசம் அடையாளத்தில் இருக்கிறது. இயந்திரக் கை ஆய்வில் அதே பிடி, அதே திரை, அதே இலக்கு. இப்போது எந்தப் பக்கம் தள்ளப்போகிறது என்று மூளைக்கு முன்கூட்டியே சொல்ல எந்தக் குறிப்பும் இல்லை. மரத் தடுப்பு ஆய்வில் எந்த வரிசை என்பதை ஒரு விளக்கு காட்டியது. ஒவ்வொரு முறையும் மூளை அந்த வரிசையைப் புதிதாக நினைவிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சிரமம்தான் நினைவை ஆழமாக்கியது. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளரும் குழந்தை இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்கும், எதிரில் நிற்பவர் யார் என்ற அடையாளம் பெரிதும் உதவுகிறது.

கிட்டாரும் பேஸும் கையில் எடுத்தவுடனே தம்மை அடையாளம் காட்டிவிடுகின்றன. எடை வேறு, கழுத்தின் நீளம் வேறு, விரலுக்கடியில் கம்பியின் தடிமன் வேறு, நெஞ்சில் உணரும் அதிர்வு வேறு. எனவே இரண்டையும் கற்பதால் ஒன்று மற்றொன்றைத் துடைத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கருவி மாற்றிய முதல் சில நிமிடங்கள் கை தடுமாறும். பேஸிலிருந்து கிட்டாருக்கு வந்தால் விரல்கள் அதிகமாக அழுத்தும். மெல்லிய கம்பி அந்த அழுத்தத்தில் இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். கிட்டாரிலிருந்து பேஸுக்குப் போனால் அழுத்தம் போதாமல் கம்பி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். இந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து "குழப்பிக்கொண்டேன்" என்று பலர் ஒன்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஷியா, மோர்கன் ஆய்வு சொல்வது வேறு: பயிற்சியின்போது வரும் தடுமாற்றத்தை வைத்துக் கற்றலை அளக்கக் கூடாது. சில நாள் கழித்து என்ன நின்றது என்பதே அளவு.

இசைக் கலைஞர்களிடமும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. 2016-இல் கிறிஸ்டின் கார்ட்டரும் ஜெசிகா கிரானும் தேர்ந்த கிளாரினெட் கலைஞர்கள் பத்து பேரைப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். சில பகுதிகளைத் தொடர்ந்து 12 நிமிடம், சில பகுதிகளை மூன்று மூன்று நிமிடமாக மாறி மாறி. மொத்த நேரம் ஒன்றுதான். மாறி மாறிப் பழகிய பகுதிகளே பொதுவாக மேம்பட்டிருந்தன. ஆய்வகத்தில் கிடைக்கும் அளவுக்குப் பெரிய பலன் வெளியே எப்போதும் கிடைப்பதில்லை. ஆனாலும் ஒன்றிலேயே மூழ்கிக் கிடப்பதைவிட மாறி மாறிப் பழகுவதில் நட்டமில்லை என்று துணிந்து சொல்லலாம்.

தூக்கத்தையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2002-இல் மாத்யூ வாக்கரும் சகாக்களும் விரல்களால் ஒரு வரிசையைத் தட்டிப் பழகியவர்களைச் சோதித்தார்கள். ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு, கூடுதல் பயிற்சி ஏதுமின்றி வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தது. அதே மணி நேரத்தைப் பகலில் விழித்திருந்து கழித்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து நான்கு மணி நேரம் வாசிப்பவரைவிட, தினமும் அரைமணி நேரம் வாசித்துவிட்டுத் தூங்குபவருக்கு ஏழு இரவுகள் வேலை செய்கின்றன.

ஒரு பாட்டு, இரண்டு கருவி

இதையெல்லாம் கையில் கொண்டுவர ஒரு எளிய பயிற்சி போதும். ஏ மைனர், எஃப், சி, ஜி என்ற நான்கு கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வையுங்கள். கார்டுக்கு நான்கு தட்டு வீதம் கிட்டாரில் இரண்டு நிமிடம் வாசித்து, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

பிறகு பேஸை எடுங்கள். நான்காம் கம்பியில் (தடித்த இ கம்பி) ஐந்தாம் ஃப்ரெட் ஏ. மூன்றாம் கம்பியில் எட்டாம் ஃப்ரெட் எஃப். நான்காம் கம்பியில் எட்டாம் ஃப்ரெட் சி. இரண்டாம் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட் ஜி. ஐந்திலும் எட்டிலும் தவிர வேறெங்கும் போக வேண்டாம். ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலுமே போதும். கை விரிய வேண்டிய தூரம் சுமார் 10 சென்டிமீட்டர். கிட்டாரில் பழகிய அளவுதான். பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு கார்டின் முதல் தட்டில் மட்டும் அந்தந்தச் சுரத்தை வாசித்து நான்கு தட்டும் நீள விடுங்கள். கார்டு மாறும் கணத்தில் பழைய சுரம் அறுந்து புதியது எழ வேண்டும். இது சீரான பிறகு தட்டுக்கு இரண்டு சுரம். அப்போது ஒரு சுரத்துக்கு 375 மில்லிவினாடி. உங்கள் பேஸையும் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். சுரம் தட்டுக்கு முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்பது வாசிக்கும்போது தெரியாது, கேட்கும்போது தெரியும்.

கேட்பதைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் செய்யாதீர்கள். அந்தச் சிறிய ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது. அதன் மேற்சுரங்களான 82, 124, 165 ஹெர்ட்ஸிலும் இன்னும் மேலேயும் உள்ளவற்றில் எட்டியதைத்தான் அது தரும். இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே கணித்து நிரப்பிக்கொள்ளும். சுரம் எது என்பது அதில் புரியும். அதன் எடையும் அது எங்கே முடிகிறது என்பதும் புரியாது. ஹெட்ஃபோன் அவசியம்.

அடுத்த நாள் வரிசையை மாற்றுங்கள். பேஸை முதலில் பதிவு செய்து, அதன்மேல் கிட்டார் வாசியுங்கள். கிட்டார்க்காரராக இருந்து உங்கள் பேஸைக் கேட்கும்போது, அது உங்களைத் தாங்கியதா இழுத்துக்கொண்டு ஓடியதா என்று உடனே தெரியும். ஒரு கருவி மட்டும் கற்கிறவருக்கு இந்தப் பாடத்தை இன்னொரு ஆள் வந்துதான் சொல்ல வேண்டும்.

முதல் சில வாரங்களில் இன்னொரு ஒழுங்கும் தேவை. வலது கை அசைவுகள் இன்னும் உருவாகாத கட்டத்தில், கிட்டாரின் பிளெக்ட்ரம் பயிற்சியையும் பேஸின் இரு விரல் பயிற்சியையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்காதீர்கள். ஒன்று காலையில், மற்றது மாலையில் இருக்கட்டும். சுரங்களின் இடம், தாளம், கார்டு வரிசை போன்ற பொதுவானவற்றை எப்போது வேண்டுமானாலும் இரண்டிலும் சேர்த்துப் படிக்கலாம். வலது கை ஓரளவு பழகிய பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவி மாற்றிப் பழகுங்கள். மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். விரல் நுனி எரிச்சல் இயல்பு. மூட்டு வலி இயல்பல்ல. கை சிறியவர்கள் 30 அங்குலக் கம்பி நீளமுள்ள பேஸ் வாங்கலாம். மெக்கார்ட்னி பெயரோடு சேர்ந்துவிட்ட, வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் அந்த நீளம்தான்.

ஆக, இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம் என்பதுதான் என் தீர்ப்பு. பொதுவானதைச் சேர்த்துப் படியுங்கள். முரண்படுவதை நேரத்தால் பிரித்துப் பழகுங்கள். தடுமாற்றத்தைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். இரண்டு கருவிகளிலும் முழுமையாகத் தேர்ச்சி பெற இரண்டு மடங்கு உழைப்பு வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை. ஆனால் பாட்டை மேலிருந்தும் கீழிருந்தும் கேட்கும் காது இரண்டிலிருந்தும் ஒன்றாகவே வளர்கிறது. வீட்டில் ஒரு கிட்டார் இருந்து, நண்பரிடம் ஒரு பேஸ் கிடைக்கும் என்றால், இந்த வாரமே அந்த நான்கு கார்டுகளைத் தொடங்கிவிடுங்கள்.